எல்லாரும் அவங்க

நாயையும் "அவங்க" என்றுதான் சொல்வார்.

எங்கள் சந்தில் ஒரு செவலை நாய் இருந்தது. அவர் மாடிப்படி இறங்கி வரும்போது கீழ்ப்படியில் குறுக்கே படுத்திருக்கும். தாண்டிப் போக மாட்டார். அங்கேயே நின்றுகொண்டு என்னைக் கூப்பிடுவார்.

"கோவிந்தம்மா, அவங்க தூங்குறாங்க. எழுப்பலாமா?"

யாரோ பெரிய மனுஷர் வந்து படுத்திருக்கிறார் என்று நினைத்து முந்தானையைச் சரி பண்ணிக்கொண்டு வெளியே வருவேன். பார்த்தால் நாய்.

நாய், காக்கா, பஸ் கண்டக்டர், வீட்டு ஓனர், ஓனர் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள், தொட்டிலில் கிடக்கிற குழந்தை, டி.வி.யில் வருகிற மந்திரி. எல்லாரும் அவங்க. மழைகூட. "மழை வர்றாங்க, துணி எடுங்க" என்று மொட்டைமாடியிலிருந்து கத்துவார். சந்துப் பிள்ளைகள் கூடவே கத்தும். "மழை வர்றாங்கோ! சேர் போடுங்கோ!"

அவருடைய பேரை நான் எழுதவில்லை. எழுதினாலும் எங்கள் சந்தில் யாருக்கும் புரியாது. நாங்கள் அவரை ஆத்தே என்றுதான் கூப்பிட்டோம். அவர் ஊரில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். வந்த புதிதில் பக்கத்து வீட்டுப் பெண் "அய்யோ ஆத்தே" என்று பல் வலியில் கத்தினாள். இவர் மாடியிலிருந்து ஓடி வந்தார், தன்னைத்தான் கூப்பிட்டாள் என்று. அதோடு அந்தப் பேர் நின்றுவிட்டது.

ஊர் ஃபிலிப்பைன்ஸ். "ரேடியோ பேரு மாதிரி இருக்கே" என்றார் என் வீட்டுக்காரர். பிள்ளைகள் நேபாளி என்றார்கள். சிலர் சீனாக்காரி என்றார்கள். அவர் கோபப்படவில்லை. "நேபாளி இல்ல. ஆனா அவங்களும் நல்லவங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்.

தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூர் வந்தார். கார்மெண்ட்ஸ் கம்பெனிகளில் வேலை செய்யும் பெண்களைப் பற்றி ஆராய்ச்சி. முதலில் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு டீச்சரம்மா வீட்டு மாடியில் இருந்தார். நல்ல வீடு. தோட்டம், பியானோ எல்லாம் உண்டு. கொஞ்ச நாளில் அதை விட்டுவிட்டு நீலசந்திராவில் எங்கள் ஓனர் மாடியில் ஷீட் போட்ட அறைக்கு வந்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். "வேலை செய்றவங்க இங்க இருக்காங்க. நான் அங்க இருந்து யாரைப் பாக்குறது? பியானோவையா?" என்றார்.

கீழே ஒரு அறையில் நாங்கள். நான் பொம்மனஹள்ளியில் ஒரு கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தேன். சட்டைக்குக் கை வைப்பது என் வேலை. காலையில் ஆடுகோடி வரை நடந்து, அங்கே பஸ்.

தமிழ் அவருக்குச் சீக்கிரம் வந்தது. முகத்துக்கு அவர் ஊரிலும் முகாதானாம். புட்டுக்குப் புட்டோவாம். அதெல்லாம் சந்தோஷமாகச் சொல்வார். ஆனால் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டார். அவர் பாஷையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சொல்லாம். அவன் கிடையாது, அவள் கிடையாது. இங்கே வந்து எங்களுடைய அவன், அவ, அது, அவரு எல்லாம் கேட்டு அவருக்குத் தலை சுற்றியது.

ஒருநாள் குழாயடியில் ஓனரம்மாவிடம் ஓனரைப் பற்றிக் கேட்டார். "அவன் எங்க போனான்?"

ஓனரம்மா குடத்தைக் கீழே வைத்தார். "யாரை அவன் இவன்ங்குற?"

தப்பு என்று புரிந்தது. திருத்தினார். "அவ எங்க போனா?"

குழாயடியே சிரித்தது. அவர் இன்னொரு தடவை முயற்சி செய்தார். "அது எங்க போச்சு?"

"அடக் கடவுளே! எங்க வீட்டுக்காரர ஆம்பளையும் இல்லாம பொம்பளையும் இல்லாம ஆக்கிட்டியேம்மா!"

நான்தான் அவரைத் தனியாகக் கூட்டிப் போய்ச் சொன்னேன். "அவங்கன்னு சொல்லுங்க. ஆம்பளைக்கும் வரும், பொம்பளைக்கும் வரும். யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க."

"ஒருத்தருக்கும்? நிறைய பேருக்கும்?"

"எல்லாத்துக்கும்."

என் கையைப் பிடித்துக்கொண்டார். "இவ்வளவு நல்ல வார்த்தை வீட்ல இருக்கு. அப்புறம் மத்தது எல்லாம் எதுக்கு வெச்சிருக்கீங்க?"

இருக்கிறது, வைத்திருக்கிறோம்.

இங்கிலீஷிலும் அவருக்கு இதே தொல்லை என்று டீச்சரம்மா சொல்வார். சண்டே சர்ச் முடிந்து பார்க்க வருவார். நல்ல தமிழ், இடையிடையே இங்கிலீஷ். "எவ்வளோ படிச்சிருக்கா. காலேஜ்ல லெக்சர் குடுக்குறா. ஆனா கொஞ்சம் டயர்டா இருந்தாலோ கோபம் வந்தாலோ போச்சு. என் ஹஸ்பெண்டை ஷி-ங்குறா. என்னை ஹி-ங்குறா. போன வாரம் பாஸ்டரையே ஷி ஆக்கிட்டா."

ஆத்தேவும் சிரிப்பார். "பாஸ்டர் கோச்சிக்கிட்டாங்களா?"

காவேரி கலாட்டாவுக்குப் பிறகு நாங்கள் பஸ்ஸில் தமிழில் சத்தமாகப் பேசுவதில்லை. பழக்கம் அப்படி ஆகிவிட்டது. அவர் பேசுவார். பஸ் நிறைந்திருக்கும்போது, "கண்டக்டர் எங்க இருக்காங்க? சில்லறை தரலையே அவங்க!" என்பார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். கண்டக்டர் கன்னடக்காரர். இவர் முகத்தையும் பேச்சையும் பார்த்துச் சிரித்துவிட்டுச் சில்லறையைக் கொடுத்துவிடுவார்.

முதலில் அது வசதிக்குச் சொன்ன வார்த்தைதான். கொள்கை ஆனது எங்கள் வீட்டு வாசலில்.

என் வீட்டுக்காரர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கள் பக்கத்தில் பெண்டாட்டியைப் பற்றிப் பேசும்போது "அது" என்பார்கள். அது வேலைக்குப் போச்சு, அதுக்கு ஜுரம். அவர் பெயிண்ட் அடிக்கிற வேலை. குடி கிடையாது, அடி கிடையாது. நல்ல மனுஷர்தான்.

ஒருநாள் வேலையிலிருந்து வந்தார். ஆத்தே வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அது வந்துச்சா?" என்றார் வீட்டுக்காரர்.

ஆத்தே சுற்றிலும் பார்த்தார். "எது?"

"அதான்."

"நாயா? அவங்க காலையிலேருந்து வரல."

"நாய் இல்லம்மா. அது... வீட்ல."

"பாத்திரமா? ஸ்டவ்வா?"

நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வரவில்லை.

"கோவிந்தம்மா," என்று கடைசியில் சொன்னார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அன்றுதான் அவர் வாயில் என் பேரைக் கேட்டேன். யாரோ வேறு ஆள் பேர் மாதிரி இருந்தது.

"ஓ, கோவிந்தம்மாவா! அவங்க உள்ள இருக்காங்க" என்றார் ஆத்தே. வெங்காயத்தை உரித்தபடியே சொன்னார். "நாய் அவங்க. கோவிந்தம்மா மட்டும் அதுவா?"

அதற்குப் பிறகு வீட்டுக்காரர் கொஞ்ச நாள் என்னை எப்படியும் கூப்பிடவில்லை. வாசலில் நின்று இருமுவார். பக்கத்து வீட்டுக்காரி கஷாயம் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாடியில் கூடுவோம். கம்பெனிப் பெண்கள் ஏழெட்டுப் பேர். ஒருத்தி தலையை ஒருத்தி மடியில் வைத்துப் பேன் பார்ப்போம். ஆத்தே தலையையும் விட மாட்டோம். குட்டையாக வெட்டின முடி, பாதி வெள்ளை. "ஆத்தே தலையில ஒண்ணுமே இல்லடி, வேஸ்ட்டு" என்பாள் மல்லிகா. காலர் வைக்கிற பெண். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வாய் ஜாஸ்தி.

அவர் பாட்டு எழுதுகிறவர் என்று அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. படித்துக் காட்டச் சொன்னோம். அவர் பாஷையில் படித்தார். ராகம் இல்லை. ஆனால் ஒவ்வொரு வரி முடிவிலும் குரல் கொஞ்சம் இறங்கி நின்றது, கிணற்றில் வாளி தண்ணீரைத் தொடுகிற மாதிரி. பேன் பார்க்கிறது நின்றுபோனது.

"என்ன ஆத்தே அர்த்தம்?"

யோசித்து யோசித்துச் சொன்னார். "அவங்க துணி துவைக்கிறாங்க. அவங்க கேக்குறாங்க, இது யார் சட்டை, இது யார் வேர்வைன்னு. அவங்க பதில் சொல்லல. அவங்க ஓடிப் போயிடுறாங்க."

"இருங்க இருங்க," என்றாள் மல்லிகா. "துவைக்கிறது யாரு, கேக்குறது யாரு, ஓடிப் போனது யாரு?"

"துவைக்கிறது பொம்பளை. கேக்குறது ஆறு. ஓடுறதும் ஆறு."

"ஆறு கேக்குதா? எங்களுக்குத் தண்ணி லாரிதான். அது வர்றதே பெரிசு. அதுல கேள்வி வேறயா?"

ஆத்தே விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு தண்ணி லாரி என்ற வார்த்தையை எழுதி வைத்துக்கொண்டார்.

அவர் போய்ச் சேர்ந்தது ரெண்டாயிரத்துக்குப் பிறகு. அவர் ஊரில்தான். டீச்சரம்மா ஆள் அனுப்பிக் கூட்டம் என்று கூப்பிட்டார். சின்ன ஹால். படத்துக்கு மாலை. படித்தவர்கள் இங்கிலீஷில் பேசினார்கள். டீச்சரம்மா பக்கத்தில் உட்கார்ந்து எனக்குத் தமிழில் சொன்னார். பெரிய கவிஞராம், ஆராய்ச்சியாளராம், பெண்களுக்காகப் போராடியவராம். எனக்கு "மழை வர்றாங்க" என்றது ஞாபகம் வந்து சிரிப்பு வந்துவிட்டது. முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த ஹாலில் அவர்கள் சொன்னதில் ஒரு விஷயம் எனக்கு முன்பே தெரியும். அவர் ஜெயிலில் இருந்தது.

அதுவும் மாடியில் வந்த பேச்சுதான். அவருக்கு வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. கொடியில் துணி போட என்னைத்தான் கூப்பிடுவார். மல்லிகா சும்மா இருக்காமல் கேட்டுவிட்டாள். "கையில என்ன ஆத்தே?"

"எங்க ஊர்ல ஒருத்தங்க ரொம்ப வருஷம் ராஜா மாதிரி இருந்தாங்க. அவங்களைப் பத்தி நாங்க எழுதினோம். ஜெயில்ல வெச்சாங்க. கூட எழுதினவங்க பேரு கேட்டாங்க."

"சொன்னீங்களா?"

"இல்ல."

"அதுக்கா கையை..."

"ம்."

"அந்தப் பாவிங்களைப் போய் அவங்க இவங்கன்னு மரியாதையா சொல்றீங்களே ஆத்தே!" மல்லிகாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆத்தே அவள் தலையைத் திரும்ப மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். "அவங்க என்னைக் கூப்பிட்ட பேரெல்லாம் எனக்குத் தெரியும். அதே மாதிரி நான் கூப்பிட்டா, அவங்க பேச்சு என் வாய்ல வந்துடும் இல்ல? என் வாய் எனக்கு வேணும்."

பிறகு எங்களைக் கேட்டார். "உங்களைக் கம்பெனியில எப்படி கூப்பிடுறாங்க?"

சொன்னோம். முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு ஒருத்தியை ஒருத்தி முந்திக்கொண்டு, சூப்பர்வைசர் குரலில் சொல்லிக் காட்டிச் சிரித்தோம். இங்கே எழுதுகிற மாதிரி வார்த்தைகள் இல்லை. அவர் சிரிக்கவில்லை.

"எல்லாரும் ஒண்ணா உக்காந்து, அப்படி கூப்பிடாதீங்கன்னு கேட்டா?"

"வேலை போயிடும்."

"போகலாம்" என்றார். போகாது என்று சொல்லவில்லை. அதனால்தான் அவரை நம்பினேன்.

அந்த வருஷம் ஆர்டர் ஜாஸ்தி. சூப்பர்வைசர் பேயாட்டம் ஆடினான். ஒரு காலையில் மல்லிகா வைத்த காலர் கோணலாக இருந்தது. பத்திருபது காலர் கட்டிய பண்டிலை எடுத்து அவள் முகத்தில் எறிந்தான். எறிந்துவிட்டு அவள் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னான். அவள் அம்மா செத்து மாசம்கூட ஆகவில்லை. லைனில் எல்லாருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும்.

சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குத் திரும்பினான். எங்கள் லைனுக்கு மொத்தமாக ஒரு மெயின் சுவிட்ச் உண்டு. மெக்கானிக் பாபு அண்ணன் மேஜைக்குப் பக்கத்துச் சுவரில். என் மெஷின்தான் கடைசி, சுவரை ஒட்டி. நான் எழுந்தேன். சுவிட்சை இறக்கினேன். உட்கார்ந்துவிட்டேன்.

அத்தனை மெஷினும் ஒன்றாக நின்றது. அந்த ஹாலில் ஃபேன் ஓடுகிற சத்தத்தை அன்றுதான் கேட்டேன். சூப்பர்வைசர் திரும்பி, "யாருடி? யாரு?" என்று கத்தினான். யாரும் வாய் திறக்கவில்லை. மறுபடி சுவிட்சைப் போட்டான். யாரும் தைக்கவில்லை. சாப்பாட்டு மணி அடிக்கிறவரை அப்படியே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் பர்சனல் மேனேஜர் எங்கள் லைனிலிருந்து நாலு பேரை ஆபீசுக்கு வரச் சொன்னார். மல்லிகா, நான், இன்னும் இரண்டு பேர். "இங்கிலீஷ்ல பேசி மடக்கிடுவாரு. ஆத்தேவைக் கூட்டிட்டுப் போலாம்" என்றாள் மல்லிகா. கூட்டிப் போனோம். வெளியூர் ஆளை உள்ளே விட முதலில் மறுத்தார்கள். பிறகு என்ன நினைத்தார்களோ, விட்டார்கள்.

மேனேஜர் எங்களைப் பார்த்துக் கன்னடத்தில் கேட்டார். "யாரம்மா ஸ்விட்ச் ஆஃப் மாடித்து? ஒந்து ஹெசரு சாக்கு." யார் நிறுத்தினது, ஒரு பேர் போதும் என்று. ஒருத்தரை வேலையை விட்டு நிறுத்துவார், மற்றவர்கள் மேல் கை வைக்க மாட்டார். பேர் வராவிட்டால் லைன் முழுக்க வெளியே.

ஆத்தே இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. வேகம். கோபம். முகம் சிவந்துவிட்டது. முகத்தில் பண்டிலை எறிந்ததைச் சொன்னார், கை அசைவில் தெரிந்தது. பிறகு சுவிட்சைக் கை காட்டுகிற மாதிரிக் காட்டி ஏதோ சொன்னார். அதில் ஹி என்று வந்தது. மறுபடியும் ஹி. சுவிட்சை நிறுத்தினவர் ஒரு தப்பும் செய்யவில்லை, ஒரு பெண்ணை அவமானப்படுத்தியதை நிறுத்தினார், அவ்வளவுதான் என்று சொன்னாராம். பின்னால் அவரே சொன்னார்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் ஹி தெரியும், ஷி தெரியும். மேனேஜருக்கும் தெரியும்.

"ஹி?" என்றார் மேனேஜர். சிரித்தார். வெளியே நின்ற ஆளைக் கூப்பிட்டு, "மெக்கானிக்கன்ன கரீரி" என்றார். மெக்கானிக்கைக் கூப்பிடு என்று.

எங்கள் லைன் பக்கத்தில் ஆண்பிள்ளை என்றால் சூப்பர்வைசரை விட்டால் பாபு அண்ணன் ஒருவர்தான். அவரும் நீலசந்திராதான், எங்களுக்கு நாலு சந்து தள்ளி. கையில் எண்ணெயைத் துடைத்துக்கொண்டே வந்தார். எதற்குக் கூப்பிட்டார்கள் என்று அவருக்குத் தெரியாது.

ஆத்தேவுக்கும் ஒரு நிமிஷம் புரியவில்லை. பாபு அண்ணனைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார். பிறகு புரிந்தது. "நோ, நோ! ஷி..." என்று சொல்லிவிட்டு, வாயைக் கையால் பொத்திக்கொண்டார். ஹி இல்லை என்றால் ஷி. ஷி என்றால் நாங்கள்.

ஜெயிலில் அடித்தபோது பேர் சொல்லாத ஆள். ஏசி ரூமில், யாரும் தொடாமல், வாய் தவறி ஒரு ஆளைக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

பாபு அண்ணன், "சார், நான் இல்ல சார்" என்றார். அவ்வளவுதான். சுவிட்சை நான் இறக்கினபோது அவர் மேஜையில்தான் இருந்தார். என்னைப் பார்த்தவர் அவர். அப்போதும் என் பக்கம் திரும்பவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தம்மா ஹி-ன்னாங்க, இப்போ ஷி-ங்குறாங்க. முதல்ல வந்ததுதான் நிஜம்" என்றார் மேனேஜர். பேனாவை எடுத்தார்.

நான் எழுந்தேன்.

"நான்தான் சார்."

"நீனா?" என்றார். நான் அங்கே வேலை பார்த்த எட்டு வருஷத்தில் அந்த ரூமில் என் குரலை யாரும் கேட்டதில்லை. நம்பாத மாதிரி பார்த்தார். "யாரைக் காப்பாத்துறே?"

"யாரையும் இல்ல சார். என் மெஷின் சுவத்துப் பக்கம். கை எட்டும். நான்தான் இறக்கினேன்."

பாபு அண்ணன் அப்போதுதான் நிமிர்ந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கே என் வேலை போனது. நாலைந்து மாதம் வீட்டில் இருந்தேன். பிறகு வேறு கம்பெனியில் சேர்ந்து, கண் மங்குகிறவரை தைத்தேன். அந்தச் சூப்பர்வைசரைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். எங்கள் லைனில் அதற்குப் பிறகு யார் முகத்திலும் எதுவும் விழவில்லை என்று மல்லிகா சொல்வாள். கம்பெனிக்காரர்கள் ஆத்தேவைப் பற்றி எங்கேயோ எழுதிப் போட்டார்கள் என்று பேச்சு. ஆத்தேவின் விசா மறுபடி நீட்டிக் கிடைக்கவில்லை. சீக்கிரமே ஊருக்குப் போய்விட்டார். பாபு அண்ணன் ரிட்டையர் ஆகிறவரை அங்கேயே இருந்தார்.

ஆனால் எனக்கு ஆத்தே என்றால் நினைவு வருவது வேலை போன அந்தச் சாயங்காலம்.

பஸ்ஸில் வரும்போது அவர் கண்டக்டரிடம் சில்லறைகூடக் கேட்கவில்லை. சந்துக்குள் நுழைந்தோம். தண்ணீர் வருகிற நேரம். குழாயடியில் கூட்டம். அங்கே வந்ததும் நின்றார். என் பக்கம் திரும்பினார்.

முதலில் அவர் பாஷையில்தான் கத்தினார். ஒரு எழுத்து புரியவில்லை. குடம் வைத்திருந்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அவர் கோபத்தில் கத்தி அந்தச் சந்தில் யாரும் கேட்டதில்லை. அப்புறம் தமிழ் வந்தது.

"அறிவு இருக்கா உனக்கு? நான் பேசிட்டு இருக்கேன் இல்ல? நீ ஏன் எந்திரிச்ச? உன்னை யாரு கேட்டா?"

குழாயடியில் ஒருத்தி இன்னொருத்தியை இடித்தாள். "ஏய், ஆத்தே நீ-ங்குறாங்கடி!"

"தப்பு நான் பண்ணேன். நான் சரி பண்ணியிருப்பேன். அதுக்குள்ள நீ வாயைத் திறந்துட்ட! ஊமை மாதிரி இருப்ப, இன்னைக்கு மட்டும் பேசுவியா? நாளைக்கு என்ன பண்ணுவ? சொல்லு! என்ன பண்ணுவ நீ?"

"தமிழு பிச்சு உதறுறாங்க" என்றாள் ஓனரம்மா.

சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் பனியனோடு வெளியே வந்தார். "என்ன ஆத்தே, என்ன ஆச்சு..."

"நீ சும்மா இரு!"

அவர் வந்த வழியே உள்ளே போய்விட்டார்.

நான் நின்றுகொண்டே இருந்தேன். என் அம்மா செத்த பிறகு என்னை அப்படி உரிமையாக யாரும் திட்டியதில்லை. கம்பெனியில் திட்டுவான், அது வேறு. இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்று இருந்தது. ஆனால் அவருக்கு மூச்சு வாங்கியது. அதனால் சொன்னேன்.

"எப்படி சரி பண்ணியிருப்பீங்க? ஹி இல்ல, ஷி-ன்னா, எந்த ஷி-ன்னு கேப்பாரு. மல்லிகா அழுதுட்டு நின்னா. அவளைப் பிடிச்சிருப்பாரு. பாபு அண்ணனுக்கு மூணு பசங்க."

"உனக்கு?"

"எனக்கு ரெண்டு."

குழாயடி மேடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஈரத்தைப் பார்க்கவில்லை. அழுதார். ஒருத்தி குடம் நிரம்பி வழிந்தது. குழாயை மூட யாருக்கும் தோன்றவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பிறகு முகத்தைத் துடைத்தார். "நீ காலையிலேருந்து எதுவும் சாப்பிடல" என்றார்.

"இல்ல."

எழுந்தாள். எழும்பாத அந்தக் கையைத்தான் நீட்டினாள். "வா" என்றாள்.